நம் பெயரைச் சொல்லி

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூரில் மரின் பரேட் வட்டாரத்தில் வசிக்கிறேன். 2025 மே 3ஆம் தேதி நாடே வாக்களித்தது, பல வேட்பாளர்கள், அவர்களில் சிறுபான்மையினர் ஒருவராவது, ஒரே குழுவாக நிற்கும் எங்கள் குழுத்தொகுதியில் மட்டும் போட்டியில்லை. முதல் முறையாக வாக்களிக்கக் காத்திருந்தவன் நான். அதற்குப் பிறகு தேர்தல் முறைகளைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். நியூசிலாந்தைப் போல நாமும், வாக்கு விகிதத்துக்கு ஏற்பக் கட்சிகளுக்கு இடம் தரும் விகிதாசார முறைக்கு மாறலாமா? இணையவழி வாக்களிப்பு வந்தால் பிரதிநிதித்துவம் கூடுமா? வாக்களிப்பைக் கட்டாயமாக வைத்திருக்கத்தான் வேண்டுமா? ஆனால் என் நண்பர்கள், "குழுத்தொகுதி போனால் நாடாளுமன்றத்தில் தமிழரே இருக்கமாட்டார்கள், நமக்கு எதற்கு இந்த வம்பு" என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கே.

அன்புள்ள கே.,

எனக்கு வரும் கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உங்களுடையதை மட்டும் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் காரணம். கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அது.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இணையவழி வாக்களிப்பு ஒரு வசதி, அவ்வளவுதான். வாக்குகள் எப்படி இடங்களாக மாறுகின்றன என்ற கணக்கை அது தொடாது. கட்டாய வாக்களிப்பு 1959 தேர்தலிலிருந்து இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நியூசிலாந்தில் 1978, 1981 என்று அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களில், அதிக வாக்கு வாங்கிய கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தது. அந்த ஆத்திரம்தான் 1993இல் பொதுவாக்கெடுப்பாகி, 1996இல் புதிய முறையாக வந்தது. நல்ல முறை. ஆனால் நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

முதல் வாக்கு கை நழுவிப் போனதில் உங்களுக்கு இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது தம்பி. என் அப்பாவுக்கு அப்படி ஐந்து பொதுத் தேர்தல்கள் போயின. துறைமுகத்தில் வேலை, தஞ்சோங் பகாரில் வீடு. 1991, 1997, 2001, 2006 எதிலும் அந்தக் குழுத்தொகுதியில் போட்டியில்லை. 2011இல் ஒரு சுயேச்சைக் குழு வந்தது. வேட்புமனுவைக் கெடு தாண்டி அரை நிமிடச் சொச்சம் தாமதமாகக் கொண்டுவந்ததால் அதுவும் நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் அப்பா தேர்தலுக்கு மறுநாள் பேப்பரை விரித்துவைத்து, மற்ற தொகுதிகளின் முடிவுகளைப் பேனாவால் குறித்துக்கொண்டே வருவார். பக்கத்து வட்டாரத்தில் இருந்த மாமா ஒருமுறை அவரிடம், "குழுத்தொகுதி இருப்பதால்தானே நம்மவர் உள்ளே இருக்கிறார், பேசாமல் இருங்கள்" என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்து, "நம்மவர் இருக்கட்டும். அதுக்கு நான் ஏன் ஓட்டில்லாமல் இருக்கணும்?" என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. 2015இல் அந்தக் குழுத்தொகுதிக்கு முதன்முதலாகப் போட்டி வந்தபோது அப்பா உயிருடன் இல்லை.

உங்கள் நண்பர்கள் மாமா பேசியதைத்தான் பேசுகிறார்கள். படித்த பிள்ளைகள், கேள்வி கேட்காமல் இதைத் திருப்பிச் சொல்வது எனக்குக் கோபமாக வருகிறது. உங்கள் மேலும்தான் கோபம். உங்கள் வாக்கைப் பறிகொடுத்துவிட்டு, அது நம் நன்மைக்குத்தான் என்று நீங்களே எழுதுகிறீர்களே!

1988இல் குழுத்தொகுதி வந்தபோது மூன்று பேர் கொண்ட குழு, அதில் ஒருவராவது சிறுபான்மையினர். 1991இல் குழு நான்காக வளர்ந்தது, 1997இல் ஆறு வரை போனது, இப்போது உச்சம் ஐந்து. சிறுபான்மையினர் ஒருவர் என்ற விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று பேர் போதுமென்றிருந்த காரியத்துக்கு ஆறு பேர் எதற்கு? குழு பெருகப் பெருக, அத்தனை வேட்பாளர்களைத் திரட்டிப் போட்டியிடக் கட்சிகள் திணறின. 2001இல் 84 இடங்களில் 55 போட்டியின்றிப் போயின. நம்மைக் காக்க வந்த ஏற்பாடு என்று சொல்லித்தான் இதற்கெல்லாம் நியாயம் கற்பிக்கிறார்கள். நம் பெயரைச் சொல்லி நடப்பதைப் பற்றி நாமே வாய் திறக்காவிட்டால் யார் திறப்பார்கள்?

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1981இல் ஆன்சனில் ஜெயரத்னம், 2016இல் புக்கிட் பாத்தோக்கில் முரளி பிள்ளை, 2023 அதிபர் தேர்தலில் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கிய தர்மன் என்று குழு இல்லாமல் தனியாக நின்று வென்ற நம்மவர்களின் பட்டியல் எனக்கும் தெரியும். அது மட்டும் போதாது. இங்கே வசிப்பவர்களில் இந்தியர் சுமார் 9 விழுக்காடு. 1989 முதல் அரசின் வீவக அடுக்குமாடி வீடுகளில் இன விகிதக் கட்டுப்பாடு இருப்பதால் தீவு முழுக்கச் சிதறியிருக்கிறோம். ஒரே இடத்தில் குவிந்திருப்பவர்களுக்கும் சிதறியிருப்பவர்களுக்கும் தொகுதி முறை எப்படி வேறுபடும் என்பதற்கு 1977 இலங்கைத் தேர்தலைப் பாருங்கள். வாக்குகளில் 30 விழுக்காட்டை நெருங்கிய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். அதில் கால்பங்கு வாக்குகூட இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால் கிடைத்தது அது. பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140ஐ அள்ளியது.

அப்படியானால் சிதறியிருப்பவர்களுக்கு எந்த முறை உதவும்? பல உறுப்பினர் தொகுதிதான். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றவேண்டியது முத்திரை குத்தும் விதத்தை மட்டும். இதை நான் விரிவாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இன்று ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே குறி போடுகிறோம், வென்ற குழு ஐந்து இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவோம். அயர்லாந்திலும் மால்டாவிலும் மக்கள் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள். செல்லுபடியான வாக்கு 1,20,000 என்று வையுங்கள். ஐந்து இடத்தோடு ஒன்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் 20,000, மேலே ஒன்று சேர்த்து 20,001. அதைத் தொட்டவர் வென்றார். அவரிடம் மிஞ்சிய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். யாரும் தொடாதபோது கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் மாறும். ஐந்து இடமும் நிரம்பும்வரை இப்படியே. ஆறில் ஒரு பங்கு மக்கள் ஒருவரை விரும்பினால் அவர் உள்ளே வந்துவிடுவார். நாம் 9 விழுக்காடுதான், தனியாக அந்த அளவை எட்டமாட்டோம். ஆனால் நமக்கு முதல் விருப்பமும் பக்கத்து வீட்டுச் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இரண்டாம் விருப்பமுமாக இருப்பவர் எட்டிவிடுவார். அப்படிப்பட்டவர்தானே நல்ல உறுப்பினர்?

அப்போதும் பயமா? சரி, உத்தரவாதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மை வேட்பாளர் ஒருவர் தேர்வாகும்வரை, களத்தில் எஞ்சியிருக்கும் கடைசிச் சிறுபான்மை வேட்பாளரை நீக்கக்கூடாது என்று ஒரு விதி போதும். ஐவரில் ஒருவர் உறுதி. அவரும் ஒரு குழுவின் முதுகில் ஏறி வராமல் தன் பெயருக்கு விழுந்த வாக்கில் வருவார்.

இது ஒரு கட்சிக்குச் சாதகமான யோசனை என்று யாராவது சொன்னால் 2025 முடிவுகளைக் காட்டுங்கள். தெம்பனிஸில் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு 52.02 விழுக்காடு, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு 47.37. இடங்கள் ஐந்துக்கு பூஜ்யம். தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் நன்றாக வாக்கு வாங்கியவர்களுக்குத் தரும் தொகுதியில்லா உறுப்பினர் இடத்தில் ஒருவர் மட்டும் பிறகு வந்தார். அல்ஜுனிட்டில் பாட்டாளிக் கட்சி 60 விழுக்காட்டை நெருங்கி ஐந்தையும் எடுத்தது, அங்கே ஆளுங்கட்சிக்கு வாக்களித்த 40 விழுக்காட்டினருக்கு ஒருவரும் இல்லை. வாக்காளர்கள் கட்சியை ஒட்டி வரிசை போட்டிருந்தால் இரண்டு இடத்திலும் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்திருக்கும். உங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐவரை நிறுத்த முடியாத கட்சிகூட ஒருவரை நிறுத்தலாம் என்றால் அங்கே போட்டி வந்திருக்காதா? ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று சும்மா வீட்டில் இருந்திருப்பார்களா?

வரிசை போடுவது நம் மக்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று மட்டும் எழுதாதீர்கள். இலங்கையில் அதிபர் தேர்தலுக்கு மூன்று விருப்பம் வரை குறிக்கும் முறை 1978 அரசியலமைப்பிலிருந்தே இருக்கிறது. 2024இல் யாரும் பாதியைத் தொடாதபோது முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ணினார்கள். ஒரு குழப்பமும் நடக்கவில்லை.

தொடங்குவதற்குச் சுலபமான இடமும் அதிபர் தேர்தல்தான். 2011இல் நான்கு பேர் நின்றார்கள். டோனி டான் 35.20 விழுக்காட்டில் வென்றார், டான் செங் போக்கை விட 7,382 வாக்குகள் அதிகம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேறு யாரையோ கேட்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டாம் விருப்பம் யார் என்று நாம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் டோனி டானே வென்றிருக்கலாம், இன்னும் வலுவாக. அப்பா கடைசியாக வாக்களித்தது அந்தத் தேர்தலில். அடுத்த அதிபர் தேர்தல் 2029க்குள் வந்தாகவேண்டும். உங்கள் எம்.பி.யின் மக்கள் சந்திப்பு எந்தக் கிழமை என்று பார்த்துப் போங்கள், நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குள் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவரலாமா என்ற இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா