பழைய பேஸ் கிட்டார்ல எது ஒரிஜினல் பார்ட், எது மாத்துனதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வியப் பாத்ததும் பழசெல்லாம் ஞாபகம் வந்து வயிறு எரியுது, அதான் எழுதுறேன். உங்ககிட்டயும் யாரோ "எல்லாமே ஒரிஜினல் ப்ரோ"ன்னு சொல்லி ரேட்டை ஏத்தியிருப்பாங்க, அட்வான்ஸ் குடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருப்பீங்க.

எங்க மாமா மெல்லிசைக் குழுவுல வாசிச்ச ஃபெண்டர் கம்பெனியோட ப்ரிசிஷன் பேஸ் இப்ப எங்கிட்ட இருக்கு. தலைப்பகுதியில நம்பர் எஸ்8-ன்னு ஆரம்பிக்கும், அதாவது 1978 வாக்குல வந்தது. 1976-க்கு முந்தினதுக்கு நம்பர் பின்னாடி நெக் ப்ளேட்ல, அதாவது கழுத்தை உடம்போட சேக்குற தகட்டுல இருக்கும், ஆனா அந்த ப்ளேட்டை நாலு ஸ்க்ரூ கழட்டினா எதுல வேணா மாட்டிரலாம், அதை மட்டும் நம்பி காசு குடுக்காதீங்க.

மாமா போனப்புறம் ஒருநாள் பிக்கார்டை, அதான் கிட்டார் முன்பக்கம் மூடியிருக்கிற ப்ளாஸ்டிக் தகட்டை, கழட்டிப் பாத்தேன். வால்யூம் பாட் (நாப்புக்கு அடியில இருக்கிற, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பார்ட்) மேல 1377812. 137ன்னா பாட் செஞ்ச சிடிஎஸ் கம்பெனி, 78 வருஷம், 12 அந்த வருஷத்துல எத்தனாவது வாரம்னு. டோன் பாட்ல ஒரு நம்பரும் இல்ல, தண்டு 6 எம்எம், பழசு கால் இஞ்ச் அதாவது 6.35, அதனால நாப் கோணலா சுத்துது. வால்யூம் பாட்ல ஈயம் மங்கிப்போய் சின்னதா படிஞ்சிருக்கு, டோன் பாட்ல பெரிய உருண்டையா பளபளன்னு, சுத்தி ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கப் போடுற பசை) கருகி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆக டோன் பாட் மாத்துனது. கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பு இந்த பேஸ்ல ரெண்டு பாதியா இருக்கும், டி, ஜி கம்பிக்கு அடியில காந்தத் தலையெல்லாம் துருப்பிடிச்சு பழுப்பா இருக்கு, ஈ, ஏ பக்கம் நாலும் புதுசு மாதிரி மின்னுது. அந்தப் பாதிய மாத்திட்டாங்க.

பாட் தேதி கிட்டாரை விட கொஞ்சம் பழசா இருந்தா பயப்படாதீங்க. 1966-ல ஃபெண்டர் மொத்தமா வாங்கிப் போட்ட பாட் 69 வரைக்கும் மாட்டியிருக்காங்க. கிட்டாரை விட புதுசா இருந்தாதான் கண்டிப்பா மாத்துனது. தலைக்குப் பின்னாடி, கம்பியை முறுக்குற கீ பக்கத்துல அடைச்ச ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னும் பாருங்க, இருந்தா கீயை மாத்தியிருக்கலாம்.

சவுண்டு வந்தா பத்தாதா, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சின்னு சிலர் கேப்பாங்க. நானும் மேடையில வாசிக்கிறவன்தான், மாத்துன பார்ட் மட்டம்னு நான் சொல்லவே இல்ல, ஒரிஜினல்னு சொல்லி அந்த விலைய வாங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

எனக்கு ஆத்திரமே வேற. சத்தம் விட்டு விட்டு வருதுன்னு மாமா ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்தார், அந்த ஆளு பிக்கப்புல கழட்டுன பாதிய திருப்பித் தரவே இல்ல. அறுந்திருந்தா காயில், அதாவது உள்ள சுத்தியிருக்கிற மெல்லிய கம்பி மட்டும்தான் அறுந்திருக்கும், திரும்ப சுத்தியிருந்தா அதே பிக்கப்பு இன்னைக்கும் பாடியிருக்கும். மிக்ஸி குடுத்தாலும் பைக் குடுத்தாலும் இதே கதைதான், நம்ம காசு போட்டு வாங்குன பொருளோட பழைய பார்ட் எங்கன்னு கேட்டா "அது வேஸ்ட் சார், தூக்கிப் போட்டாச்சு"ன்னு சாதாரணமா சொல்றாங்க, அதைச் சொல்ல இவங்க யாரு?

நீங்க பாக்கப் போறப்ப ஒரு ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர் கொண்டு போங்க, ஓனர் முன்னாடியே, அவர் கையாலயே பிக்கார்டைக் கழட்டச் சொல்லுங்க. பார்ட் மாத்துனது தெரிஞ்சா கழட்டுன பழசு டப்பாவுல எங்கயாவது கிடக்கான்னு கேளுங்க. இருந்தா, வேலை செய்யலைன்னாலும் சரி, ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் குடுத்து அதையும் வாங்கிட்டு வந்துருங்க.