ஒரே பேனல்ல கரண்டும் சுடுதண்ணியும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

மண்டபம் பக்கம் ரொம்ப வருசமா சோலார் மாட்டுறேன். கரண்டோட சுடுதண்ணியும் சேத்துக் குடுக்குற பிவிடி சோலார் பேனல் பத்தி கேட்டிருந்தீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

பாம்பன் தம்பி: அண்ணே, ஒரே பேனல்ல ரெண்டும் வருமாமே, நெசமாவா?

நெசந்தான் தம்பி. பேனல் மேல விழுற வெயில்ல அஞ்சுல ஒரு பங்குதான் கரண்டாகுது, மிச்சத்துல பெரும்பகுதி சும்மா சூடா போயிருது. சித்திரை மாசம் உச்சி வெயில்ல பேனலுக்கு அடியில கைய வச்சுப் பாரு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள எடுத்துருவ. அந்த சூட்டத்தான் பின்னாடி ஒட்டுன குழாய்ல தண்ணிய ஓட விட்டு இழுக்குறோம்.

தேவிபட்டினம்: அதனால கரண்டு கூடுமா சார்?

கூடும், ஆனா ஒரு கணக்கு இருக்கு. பேனல்ல எழுதியிருக்க வாட்ஸ் 25 டிகிரியில அளந்தது, அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல குறையும். நம்ம வெயில்ல பேனல் 65 டிகிரிக்குப் போனா 14 சதவீதம் போச்சு, தண்ணி ஓடி 45க்கு இறக்குனா அதுல பாதி திரும்பிரும். ஆனா தண்ணி கொதிக்க கொதிக்க வேணும்னு நின்னீங்கன்னா பேனலும் அதே சூட்டுல கிடக்கும், கரண்டுல ஒரு லாபமும் இல்ல. வெதுவெதுன்னு போதும்ங்கிறவங்களுக்குத்தான் இது.

ராமேஸ்வரம்ல சின்ன லாட்ஜ் வச்சிருக்கேன், விடியக்காலம் 4 மணிக்கே ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போறவங்க சுடுதண்ணி கேக்குறாங்க. சரிப்படுமா?

உங்களுக்குத்தான் ரொம்ப சரி. 100 லிட்டர் தண்ணிய 28லருந்து 45க்குக் கொண்டுவர 2 யூனிட் வேணும், அத பகல்லயே வெயில்ல ஏத்தி நல்லா இன்சுலேசன் பண்ண டேங்க்ல வச்சிருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் ஹீட்டர் துணைக்கு வேணும்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), எங்க போர் தண்ணி உப்பு, அத நேரா விடலாமா?

விடவே கூடாது தம்பி. நான் இத மாட்ட ஆரம்பிச்ச புதுசுல ஒரு வீட்டுல போர் தண்ணிய நேரா விட்டோம், ஒரே வருசத்துல சூடு வரலன்னு கூப்புட்டாங்க, குழாய அறுத்துப் பாத்தா உள்ள சுத்தியும் வெள்ளைவெள்ளையா உப்பு படிஞ்சு நடுவுல பென்சில் நுழையுற அளவு ஓட்டைதான் இருந்துச்சு, அது என் தப்புதான், மனசு கேக்காம நானே புதுக் குழாய் போட்டுக் குடுத்தேன். இப்ப குழாய்க்குள்ள ஆர்ஓ தண்ணி தனியா சுத்தும், அது டேங்குக்குள்ள இருக்க சுருள் குழாய் வழியா சூட்ட மட்டும் குடுத்துட்டுத் திரும்பி வந்துரும், குளிக்கிற தண்ணி பேனல்கிட்டயே போகாது. கடல்தண்ணிய நேரா விடலாமான்னு கேட்டவருக்கும் இதே பதில்தான்.

தங்கச்சிமடம்: கருவாடு காயப்போட உதவுமா தம்பி?

அக்கா, எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. தண்ணிக்குப் பதிலா காத்த பேனல் அடியில இழுத்து கூண்டுக்குள்ள விடலாம், ஃபேன் அதே பேனல் கரண்டுலயே ஓடும். மணல் ஒட்டாது, ஈ மொய்க்காது, காக்கா கொத்தாது. ஆனா சூடு 50 டிகிரிய தாண்டவிடக் கூடாது, தாண்டுனா மேல வெந்து இறுகிரும், உள்ள ஈரம் அப்படியே நின்னு பூசணம் பிடிக்கும்.

வீட்டுக்கு எது லாபம்?

நாலு பேர் வீட்டுக்கு, கரண்டுக்கு சாதா சோலார் பேனல், சுடுதண்ணிக்கு சோலார் ஹீட்டர்னு தனித்தனியா வாங்குறதுதான் நல்லதுன்னு சொல்லுவேன். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல 78,000 ரூவா மானியம் இருக்கு, அது கரண்டுக்குத்தான், சுடுதண்ணிக்கு இல்ல.

கமுதியில 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் இருக்கே, அங்க ஏன் இப்படி சூட்ட எடுக்கல?

கரண்டு கம்பியில மெட்ராஸ் வரைக்கும் போகும், சுடுதண்ணி போகாது. பக்கத்துலயே தேவைப்படுறவங்க இருந்தாத்தான் சூட்டுக்கு மதிப்பு.

உப்புக்காத்துல தாங்குமா?

உப்புக்காத்து டெஸ்ட் பாஸ் ஆன பேனலா கேட்டு வாங்குங்க, போல்ட்டு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல போடுங்க. வாரம் ஒருதடவ விடியக்காலம் நல்ல தண்ணியில கழுவிவிடுங்க, மத்தியானம் சூட்டுல ஊத்தாதீங்க, கண்ணாடி விரிசல் விட்டுரலாம்.