கஷாயத்தை யூரின் டியூபில் விடலாமா?

வணக்கம் சார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கு 2 மாதமாக யூரின் டியூப் இருக்கிறது. உள்ளே வெள்ளையாகப் படிந்து அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. பூண்டு, வேம்பு, மஞ்சள் எல்லாம் கிருமிப் படலத்தைக் கரைக்கும் என்று ஆராய்ச்சியே சொல்வதாகப் படித்தேன். கஷாயத்தை வடிகட்டி டியூப் வழியாக விட்டுப் பார்க்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதை இப்போதே மனதில் வையுங்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. கிருமிகள் ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் சேதி சொல்லித்தான் படலத்தைக் கட்டிக்காக்கின்றன. பூண்டிலிருக்கும் அஜோயீன், சூடோமோனாஸ் கிருமியின் அந்தப் பேச்சைத் துண்டிக்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். கிருமியைக் கொல்லாமலே அதன் பலத்தைக் குறைக்கும் இந்த வழியில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அவர்கள் சோதித்தது அளவு தெரிந்த ஒற்றைப் பொருளை. அதுவும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும்தான்.

வீட்டுக் கஷாயம் அப்படியல்ல. வடிகட்டினாலும் இலைத்துகள் தங்கும், ஆறுவதற்குள் புதுக் கிருமி சேரும். அதைவிட ஆபத்து, கஷாயம் விடுவதற்காக டியூபையும் பையையும் பிரிப்பது. மூடியிருந்த வழியை நாமே திறந்துவிடுகிறோம்.

அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் புரோட்டியஸ் மிராபிலிஸ் கிருமியின் வேலை. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீரில் காரத்தன்மை ஏறும். கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட் உப்புகளாகிப் படலத்தோடு கல்லாக இறுகும். உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடி நினைவிருக்கிறதா, அதேபோலத்தான். படலத்துக்குள் இருக்கும் கிருமியை அழிக்க, மிதக்கும் கிருமிக்குத் தேவையானதைவிட 100, சிலசமயம் 1,000 மடங்கு ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். அதனால் அடைத்த டியூபை மாற்றுவதுதான் சரி.

டாக்டரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: இந்த டியூப் அப்பாவுக்கு இன்னும் தேவைதானா? டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஆண்களுக்கு வெளியே உறைபோல மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. சிலருக்கு அதுவே போதும். எத்தனையோ வீடுகளில் கேட்க ஆளில்லாமலே டியூப் மாதக்கணக்கில் கிடந்துவிடுகிறது.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொடவேண்டாம். தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பால் கை கழுவுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.