கேமரா முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை

வணக்கம். எனக்கு வயது 34, திருமணமாகி இரண்டு வருடம். தனியாக இருக்கும்போதும் காலையில் விழிக்கும்போதும் விறைப்பில் ஒரு குறையும் இல்லை. மனைவியை நெருங்கினால் மட்டும் பாதியில் போய்விடுகிறது. டாக்டர் எதிரே உட்கார்ந்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆன்லைன் தெரபி பலன் தருமா, ஏமாற்று வேலையா?
— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பலன் தரும். ஏனென்றால் நேரில் போனாலும் அங்கே நடப்பது பேச்சுதான், மிச்சமெல்லாம் வீட்டுப்பாடம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பலர் கொஞ்சம் மாற்றிக் கையாள்கிறார்கள்: சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது, இருவரும் சும்மா தொட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் ஆரம்பத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு. விசித்திரமாகத் தோன்றும். ஆனால் உங்கள் தொல்லையே 'நிற்குமா, நிற்குமா' என்று பக்கத்தில் நின்று வேவு பார்க்கும் அந்த இன்னொரு நீங்கள்தான். பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், அப்புறம் எப்படி நிற்கும்? பரீட்சையே கிடையாது என்று சொல்லிவிட்டால் வேவு பார்ப்பவனுக்கு வேலை போய்விடுகிறது.

காலை விறைப்பு இருப்பது நல்ல அறிகுறி. இருந்தாலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இது மட்டும் ஆன்லைனில் ஆகாது. ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் இதயத்தில் இருப்பவற்றைவிடக் குறுகலானவை, அதனால் சிலருக்கு இதய நோய் சில வருடம் முன்பே இங்கேதான் தலைகாட்டும். பரிசோதனைக்குக் காரணம் சொல்லக்கூட வேண்டாம், பொதுவான செக்கப் என்றால் போதும். விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள்தான். கேமரா முன் உடையைக் கழற்றச் சொன்னாலோ, போட்டோ கேட்டாலோ, இத்தனை நாளில் குணம் என்று கேரண்டி கொடுத்தாலோ அந்த நிமிடமே துண்டித்துவிடுங்கள். பெயர், தகுதி, பதிவு எண் மூன்றையும் முதலிலேயே கேளுங்கள், உண்மையான தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று. அந்த வீட்டுப்பாடம் இரண்டு பேர் செய்வது. இரண்டு வருடமாக உங்கள் மனைவி இதற்கு என்ன காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறார், தன்மேல்தான் குறை என்றா? உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். முதல் அழைப்புக்கு முன்னால் அவரிடம் பேசிவிடுங்கள்.