அவசரம் யாருக்கு?

கேள்வி: திருவனந்தபுரம் போயிருந்தப்ப ஒரு மலையாள பேப்பர்ல வேலை விளம்பரத்துக்கு மேல 'தொழிலவசரங்கள்'னு போட்டிருக்குன்னு பக்கத்து சீட்காரர் படிச்சுச் சொன்னாரு. ஹைதராபாத்ல இருக்கிற என் மச்சான் எதுக்கெடுத்தாலும் 'அவசரம் லேது'ங்கிறான். நம்ம வார்த்தைய எடுத்துட்டுப் போயி இப்படித் தப்பா யூஸ் பண்றாங்களே, கேக்க ஆளில்லையா? பதில் உடனே வேணும், மிக மிக அவசரம்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கேக்கலாம் சார், ஆனா கேஸ் நம்ம மேலதான் திரும்பும். சமஸ்கிருதத்துல அவசரம்னா தோதான நேரம், சந்தர்ப்பம். இந்தில அவ்ஸர்னா இன்னிக்கும் அதான். மலையாளிக்கு அது வாய்ப்பு, அதனால தொழிலவசரம்னா வேலைவாய்ப்பு, அவ்ளோதான். தெலுங்குல தேவை. உங்க மச்சான் இலையில கைய வச்சு 'அவசரம் லேது'ன்னா வேண்டாம்னு அர்த்தம், மெதுவா ஊத்துங்கன்னு இல்ல, ரெண்டாவது கரண்டி சாம்பார ஊத்திடாதீங்க. மூலத்த விட்டுட்டு ஓடுனது நாமளும் கன்னடக்காரங்களும்தான், பெங்களூர்ல 'அவசர மாடபேடி'ன்னா பறக்காதீங்கன்னு அர்த்தம்.

ஆனா அந்த வார்த்தைய வச்சு நாம ஓட்டுற வண்டி இருக்கே! கைமாத்து கேக்கணுமா, 'ஒரு அவசரம்'. ராத்திரி பஸ்ல கண்டக்டர் காதுகிட்டப் போயி 'அவசரம்ணே'ன்னா அது வேற, அவரும் மறுபேச்சு பேசாம விசில் ஊதிருவாரு. சட்டசபை கூடாத நேரத்துல கவர்னர் போடுறது அவசரச் சட்டம், 2017 ஜனவரில ஜல்லிக்கட்டுக்குப் போட்டாங்களே அது மாதிரி, அதுக்கும் சபை திரும்பக் கூடுன நாள்லருந்து 6 வாரம்தான் ஆயுசு, அதுக்குள்ள முறையான சட்டமாக்கிடணும். சிலர் இதையும் அவசியத்தையும் போட்டுக் குழப்புறாங்க. கல்யாணத்துக்கு அவசியம் வாங்கன்னு பத்திரிகை வைக்கலாம், அவசரமா வாங்கன்னு போன் போட்டுப் பாருங்க, பொண்ணு வீட்ல என்னமோ ஆயிருச்சுன்னு மாலையோட வந்து நிப்பாங்க.

போகட்டும், உங்க கவர் என் மேசை மேலதான் கெடக்கு. மூணு எடத்துல சிவப்பு மையில 'அவசரம்', அடியில ரெண்டு ரெண்டு கோடு. பின்கோடு கட்டம் ஆறும் காலி. அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதும்பாங்க, உங்க கை ஸ்டாம்ப் வரைக்கும் கூடப் போகல, தபால்காரருக்குத் தண்டம் கட்டி வாங்குனது நான்.