லேப்டாப் மதர்போர்டு கேள்வி-பதில்: சூடு காட்டும் முன் மீட்டரை வையுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, "எந்த ஐசியை மாற்றணும்?" என்றே முடிகின்றன. எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஓம் என்ற விவரம் இல்லாமல் அதற்குப் பதில் சொன்னால் அது ஜோசியம். அளந்து பார்த்து எழுதியவர்களுக்கு விரிவாகவும், மற்றவர்களுக்கு எங்கே அளப்பது என்றும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நேற்றுவரை ஓடிய லேப்டாப், இன்று பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. சார்ஜிங் லைட்டும் எரியவில்லை. போர்டு போய்விட்டது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அடாப்டர் முனையில் 19 அல்லது 20 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் அடாப்டரை மட்டும் செருகிப் பாருங்கள். அப்போதும் உயிர் வராவிட்டால் எஸ்எஸ்டி, வைஃபை கார்டு, ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்னொரு முறை. எஸ்எஸ்டி உள்ளுக்குள் ஷார்ட் ஆகி மொத்த போர்டையும் படுக்க வைப்பது உண்டு. அப்படி இருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது.

செருகியதும் அடாப்டரில் இருக்கும் லைட் அணைகிறதா என்பதையும் கவனியுங்கள். அணைந்தால் போர்டு நுழைவிலேயே கடுமையான ஷார்ட். அணையாமல் இருந்தால் மின்சாரம் வரும் வழியிலேயே மீட்டரோடு நடக்க வேண்டியதுதான். டிசி ஜாக்கை அடுத்து எட்டுக் கால் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். அதன் பக்கத்தில் ஆர்010 என்று பொறித்த ஒரு ரெசிஸ்டர், அதாவது 0.01 ஓம். சில போர்டுகளில் 0.02 ஓம் இருக்கும். இதைத் தாண்டினால் மெயின் லைன். பிராசஸர், ராம், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று எல்லா செக்‌ஷனும் இந்த லைனிலிருந்துதான் சாப்பிடுகின்றன.

முதல் மாஸ்ஃபெட்டின் ஒரு பக்கம் 19 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் பலர் உடனே சார்ஜிங் ஐசியைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கேட்டைத் திறக்காத வாட்ச்மேனைத் திட்டுவதற்கு முன், உள்ளே தீப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடாப்டரைக் கழற்றி, மெயின் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஆயிரக்கணக்கில் காட்டினால் லைன் நன்றாக இருக்கிறது. அப்போதுதான் சார்ஜிங் ஐசிக்கு சப்ளை வருகிறதா, அடாப்டரை உணரும் காலில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஒன்றிரண்டு ஓம் காட்டினால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கேள்வி: மெயின் லைனில் 0.4 ஓம் வருகிறது. ஷார்ட் என்று தெரிகிறது. ஆனால் அந்த லைனில் கெப்பாசிட்டர் மட்டுமே ஏகப்பட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஆனால் மின்சாரம் கொடுத்துத் தேடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, மீட்டரின் இரண்டு புரோபையும் சேர்த்துத் தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். சாதாரண மீட்டரில் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். அதைக் கழித்தால்தான் உண்மையான அளவு. இரண்டாவது, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: மெயின் லைனுக்கும் பிராசஸர் காயிலுக்கும் (பிராசஸருக்குச் சப்ளை போகும் வழியில் இருக்கும் காயில்) நடுவே ஓம் அளந்து பாருங்கள். பிராசஸர் சப்ளையில் மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் மெயின் லைன் நேராகப் பிராசஸரோடு சேர்ந்திருக்கும். பிராசஸர் சாப்பிடுவது ஏறக்குறைய 1 வோல்ட். அந்த நிலையில் நீங்கள் பெஞ்ச் சப்ளையில் (வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைக்கும் கருவி) 5 வோல்ட், 19 வோல்ட் என்று ஏற்றினால் ஒரு மாஸ்ஃபெட்டோடு போயிருக்க வேண்டிய செலவு பிராசஸர்வரை போய்விடும். கிராபிக்ஸ் சிப் தனியாக இருந்தால் அதன் காயிலோடும் இதே சோதனை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லையென்றால் பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட்டில் வையுங்கள், கரண்ட் லிமிட்டை 3 ஆம்பியருக்கு மேல் போகாமல் வையுங்கள். பேட்டரி கழன்றிருக்க வேண்டும். பிளஸ் ஒயர் மெயின் லைனில், மைனஸ் கிரவுண்டில். உங்கள் 0.4 ஓமில் புரோப் ஒயரின் பங்கு ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் சுமார் 2.5 ஆம்பியர் ஓடும், அதாவது 2.5 வாட். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பாகத்தில் அவ்வளவு சூடு குவிந்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். தெர்மல் கேமரா இருந்தால் திரையிலேயே ஒரு புள்ளி வெளுக்கும். இல்லாவிட்டால் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை அந்தப் பகுதியில் மெல்லிசாகப் பூசுங்கள். போர்டு முழுக்க ஈரமாக மினுங்கிக்கொண்டிருக்கும்போது, ஓரிடத்தில் மட்டும் சட்டென்று ஒரு வட்டம் காய்ந்து வெளியே பரவும். அந்த வட்டத்தின் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி.

விரலால் தொட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் விரலில் கெப்பாசிட்டர் அளவுக்கே ஒரு கொப்புளமும் வரும்.

மெயின் லைனில் பெரும்பாலும் மாட்டுவது செராமிக் கெப்பாசிட்டர்தான். போர்டு வளைந்தாலோ லேப்டாப் கீழே விழுந்தாலோ உள்ளே அடுக்குகளுக்குக் குறுக்கே மயிரிழை விரிசல் விழும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். அதைக் கழற்றி மறுபடி ஓம் பாருங்கள். ஷார்ட் போய்விட்டால் அதே மைக்ரோஃபாரட், குறைந்தது 25 வோல்ட் தாங்கும் பாகத்தைப் போடுங்கள். பக்கத்தில் அதே லைனில் பத்து கெப்பாசிட்டர் இருந்தால், ஒன்று இல்லாமலும் போர்டு ஓடும். சோதித்துப் பார்ப்பதற்கு அது போதும். அப்படியே மூடிக் கொடுப்பது என் வழக்கமில்லை.

சின்ன லைன்களில் இதே முறையைச் செய்வதானால் அந்த லைனின் சொந்த வோல்டேஜுக்கு மேல் ஏற்றவே கூடாது. டிடிஆர்4 ராம் லைன் 1.2 வோல்ட். அங்கே 3 வோல்ட் கொடுத்துவிட்டு ராம் செத்ததற்குக் காரணம் தேடக் கூடாது.

கேள்வி: பிராசஸர் பக்கத்துக் காயில்களில் மீட்டர் பீப் அடிக்கிறது. எல்லாக் காயிலிலும் அப்படித்தான். பிராசஸர் ஷார்ட்டா?

இல்லை. பிராசஸர் லைனில் சில ஓம், சில மாடல்களில் ஒரு ஓமுக்கும் கீழே வருவது இயல்பு. பெரிய கிராபிக்ஸ் சிப் என்றால் இன்னும் குறையும். எல்லாக் காயிலும் ஒரே அளவு காட்டுவதற்குக் காரணம், அவற்றின் வெளிமுனைகள் ஒரே லைனில் சேர்ந்திருப்பது. பீப் சத்தத்தை நம்பி பிராசஸருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஓம் மோடில் எண்ணைப் பார்த்து, அதே மாடல் நல்ல போர்டோடு ஒப்பிடுங்கள். இதே பீப் 5 வோல்ட் காயிலிலோ 3.3 வோல்ட் காயிலிலோ வந்தால் அது வேறு கதை, அங்கே நிஜமாகவே ஷார்ட்.

கேள்வி: கீபோர்டு மேல் இனிப்பான பானம் கொட்டிவிட்டது. துடைத்து, காய வைத்து ஆன் செய்தேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. இப்போது ஸ்கிரீன் கறுப்பு, ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறது.

படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. அதாவது பேக்லைட் சப்ளை போயிருக்கிறது. ஸ்கிரீன் கேபிள் கனெக்டரின் பின்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. பேக்லைட் சப்ளை வரும் பின்களுக்குச் சற்றுத் தள்ளியே மற்ற சிக்னல் பின்களும் இருக்கும். நடுவில் சர்க்கரைப் பிசுக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் காய்ந்துபோகும், அதில் கரைந்திருந்தது காயாது. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பேட்டரி மாட்டியே இருப்பதால், லேப்டாப் அணைந்திருந்தாலும் சில லைன்களில் எப்போதும் வோல்டேஜ் நிற்கும். வோல்டேஜ், ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை பூக்கும். உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வாரம் இந்த வேலை நடந்த காலம்தான். கொட்டிய உடனே செய்திருக்க வேண்டியது பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது; துடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது போர்டை முழுதாக வெளியே எடுங்கள். கனெக்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள்; பச்சையோ கறுப்போ தெரிந்தால் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள். கேபிள் முனையையும் பார்க்க மறக்காதீர்கள். போர்டைப் பளிச்சென்று கழுவிவிட்டு அழுக்குக் கேபிளையே திரும்ப மாட்டுகிறவர்கள் அதிகம். கனெக்டர் பக்கத்தில் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும். மீட்டரில் அது பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். ஓபன் என்றால் ஃபியூஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதன் மேல் ஒயர் வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போகாதீர்கள். ஃபியூஸுக்கு அந்தப்பக்கம் கிரவுண்டோடு ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தபின் புது ஃபியூஸ் போடுங்கள்.

சிப்களின் அடியில் போன திரவத்தைப் பிரஷ் தொடாது. அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கழுவுவது நல்லது.

கேள்வி: கிராபிக்ஸ் சிப்பில் கோடு கோடாக வந்தது. ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினார்கள், சரியானது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. ரீபால் (சிப்புக்கு அடியிலுள்ள ஈய உருண்டைகளை மாற்றுவது) செய்தால் நிரந்தரமாகச் சரியாகுமா?

ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் சூடு காட்டினால் நிஜமாகவே உயிர் வருகிறது. அதுதான் ஏமாற்றுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. எல்லோரும் ஈயமில்லாத சால்டருக்கு மாறினார்கள். அது கடினமானது, உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழைய 63-37 வெள்ளீயம்-ஈயக் கலவைக்கு 183 டிகிரி போதும். அதனால் போர்டுக்கும் சிப்புக்கும் நடுவில் உள்ள உருண்டைகள் விரிசல் விடுகின்றன, அவற்றை உருக்கினால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தக் காலத்துப் பெரிய கிராபிக்ஸ் கோளாறு சிப்புக்கு உள்ளே இருந்தது. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்புக்கான தன் சில சிப்களின் உள் பேக்கேஜிங் பொருட்கள் பலவீனமானவை என்று அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்கியது. சிலிக்கான் துண்டையும் அதன் கீழுள்ள சின்னப் பலகையையும் இணைக்கும் நுண்ணிய புள்ளிகளில்தான் விரிசல். வெளியே இருக்கும் உருண்டைகளை எடுத்துப் புது உருண்டை வைத்தாலும் உள்ளே இருக்கும் விரிசலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வேலையின்போது படும் சூட்டில் உள்புள்ளிகள் விரிந்து தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். பெயர் ரீபாலுக்குப் போகும். ஈயம் உருகாத 150 டிகிரி சூட்டிலேயே அந்தச் சிப் உயிர்பெற்றால், கோளாறு உருண்டையில் இல்லை என்று அர்த்தம்.

உங்கள் சிப்புக்கு இருக்கும் வழி புதுச் சிப். பழைய போர்டிலிருந்து பிடுங்கிப் பளபளப்பாக்கி விற்கும் சிப் வேண்டாம். புதுச் சிப் கிடைக்காவிட்டால், உள்கிராபிக்ஸ் இருக்கும் மாடலானால், தனிச் சிப்பை முடக்கிவிட்டு ஓட்டலாம். ரீபாலுக்கும் இடம் உண்டு: லேப்டாப் கீழே விழுந்து உருண்டை விட்டுப்போனது, நல்ல சிப்பை வேறு போர்டுக்கு மாற்றுவது போன்றவை.

கேள்வி: பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் நிரல்) அப்டேட் நடுவில் மின்சாரம் போய்விட்டது. இப்போது ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் வரவில்லை. மலிவான புரோகிராமர் (சிப்பில் எழுதும் கருவி) வாங்கி நானே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது இரண்டாவது வழி. பல நிறுவனங்கள் இதற்கென்றே மீட்பு முறை வைத்திருக்கின்றன. எச்பியில் விண்டோஸ் கீயோடு பி, டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்தியபடி ஆன் செய்வது பல மாடல்களில் வேலை செய்யும். முதலில் அதைப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், எட்டுக் கால் பயாஸ் சிப்பின் எண்ணைப் படித்து, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். 1.8 சிப்புக்கு, வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் இல்லாமல் புரோகிராமரை மாட்டினால் சிப் போகும். கறுப்பு நிற சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமர் போர்டுகளில் இன்னொரு சிக்கல்: சப்ளை 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

எழுதும் முன் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்துச் சேமியுங்கள். இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால்தான் கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறது. கெட்டுப்போன கோப்பாக இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸ் கீ எல்லாம் அதில் இருக்கும். வேறு போர்டின் கோப்பை அப்படியே எழுதினால் அந்த லேப்டாப்பின் சீரியல் எண்ணும் உங்களுக்கு வந்துவிடும். இன்டெல் போர்டில் எம்இ பகுதி (அதே கோப்பில் இருக்கும் மேனேஜ்மென்ட் என்ஜின் நிரல்) கெட்டிருந்தால் 30 நிமிடத்தில் லேப்டாப் தானாக அணைவதும் உண்டு. ஸ்கிரீன் வந்துவிட்டது என்று மூடிவிடாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: டைப்-சி சார்ஜிங் மட்டும் உள்ள லேப்டாப். நடுவில் மீட்டர் வைத்தால் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது, 20க்கு ஏறவில்லை.

டைப்-சியில் எல்லாச் சார்ஜரும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். சிசி என்ற காலில் லேப்டாப்பும் சார்ஜரும் பேசி முடித்தபின் ஏறும். உங்களுடையதில் பேச்சு நடக்கவில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் இரண்டு சிசி கால்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. போர்ட்டில் வளைந்த பின்னோ ஈயம் விட்ட காலோ இருக்கும். இரண்டு பக்கமும் ஏறாவிட்டால் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பார்த்தபின், போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், இந்தப் பேச்சை நடத்தும் பிடி கன்ட்ரோலருக்கு 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போர்டையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். என் ஃபைல்கள் போய்விடுமா?

எஸ்எஸ்டி தனியாகக் கழலும் வகையென்றால் ஃபைல்கள் அதிலேயே இருக்கும். ஆனால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால், சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கும். புதுப் போர்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். நீங்கள் போடாமலே விண்டோஸ் தானாகப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போர்டை மாற்றச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி சிப்களே போர்டில் பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் கதை வேறு: பழைய போர்டை ஒரு முறையாவது ஓட வைத்தே ஆக வேண்டும். பழுது பார்ப்பவரிடம் உங்களுக்கு வேண்டியது லேப்டாப்பா, ஃபைலா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபைல் மட்டும் போதும் என்றால், அவர் சார்ஜிங் செக்‌ஷனை விட்டுவிட்டு பெஞ்ச் சப்ளையிலேயே ஓட்டிக் காப்பி எடுத்துவிடலாம்.