மேசைமேல் சிற்றுருவங்களை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 போர் விளையாட்டின் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில்’ படை ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலோகத்திலேயே வந்தது?

வார்ப்பு அச்சுக்கான செலவுதான் முதன்மைக் காரணம். இந்த விளையாட்டைத் தயாரிக்கும், பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1997-இல் இப்படைக்குத் தனி விதிநூல் வெளியிட்டபோது, சிற்றுருவங்களை வெள்ளை உலோகத்தில் வார்த்தது. அதற்கு ரப்பர் அச்சு போதும். குறைவாக விற்றாலும் கட்டுப்படியாகும். பிளாஸ்டிக்குக்கோ எஃகில் அச்சு வெட்ட வேண்டும். விற்பனை உறுதியான ஸ்பேஸ் மரீன் போன்ற படைகளுக்கே அந்த முதலீடு முதலில் போனது.

ஜெஸ் குட்வின் வடித்த அந்த உருவங்களின் அழகு இன்றும் குன்றவில்லை என்பேன். கவசத்தின் மேல் சரியும் அங்கி மடிப்பும், அல்லிமலர் முத்திரையும், கத்தரித்த குட்டை முடியும் அவ்வளவு நேர்த்தி! ஆனால் கனம் அதிகம். ஒட்டிய பாகங்கள் எளிதில் கழன்றுவிடும்.

பின்னர் ‘விட்ச் ஹண்டர்ஸ்’ என்ற விதிநூலுடன் சில உருவங்கள் சேர்ந்தன. அதன்பின் நீண்ட வறட்சி. 2017-இல் இப்படையின் நாயகியான புனித செலஸ்டீன் பிளாஸ்டிக்கில் வந்தார். 2019 நவம்பரில் வந்த புதிய பிளாஸ்டிக் படைப்பெட்டி வேகமாக விற்றுத் தீர்ந்தது.

சேகரிக்க விரும்பினால் இப்படையின் பறக்கும் வீராங்கனைகளான செராஃபிம்களின் பழைய உலோக உருவங்களைத் தேடுங்கள். அவற்றின் பழைய வண்ணத்தை அசிட்டோனில் ஊறவைத்து நீக்கலாம். பிளாஸ்டிக் உருவங்களை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும்.